தவறான தீர்மானத்துக்குப் பின்னும் தேவ பராமரிப்பை நம்புவது எப்படி

நோயாலோ, பிறர் செய்த அநியாயத்தாலோ துன்பப்படுகிற விசுவாசி, வேதனை எவ்வளவு கொடியதாயிருந்தாலும், தேவனுடைய சமுகத்தில் தயக்கமின்றி அழ முடிகிறது. தன் சொந்தத் தீர்மானத்தால் துன்பத்துக்குள் வந்தவருக்கோ ஜெபிக்க முழங்காற்படியிடும்போதே உள்ளத்தில் ஒரு குரல் எழும்புகிறது: "இது நீயாகத் தேடிக்கொண்டது, இதில் தேவனைக் கூப்பிட உனக்கு என்ன உரிமை?" ஆலோசனை கேளாமல் செய்துகொண்ட திருமணம், அவசரத்தில் விட்ட வேலை, ஆசையினால் வாங்கிய கடன், கோபத்தில் முறித்த உறவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கிறது. அப்படிப்பட்டவருக்காகவே முதன்மையாக இதை எழுதுகிறேன். ஏனெனில் தேவ பராமரிப்பைப் பற்றிய போதனை மிகுதியாகத் தேவைப்படுவதும் அவருக்கே, அதை நம்புவதற்கு மிகுதியாகத் தயங்குகிறவரும் அவரே.

முதலில் அந்தப் போதனையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சீர்திருத்த சபைகளின் விசுவாசத்தைக் கேள்வி பதிலாக விளக்கும், 1563ஆம் ஆண்டில் வெளிவந்த ஹைடல்பெர்க் வினாவிடைப் போதனை, 27ஆம் கேள்விக்கான பதிலில், மழையும் வறட்சியும், விளைச்சலும் விளைவின்மையும், ஆரோக்கியமும் நோயும், செல்வமும் வறுமையும் தற்செயலாக அல்ல, தேவனுடைய தகப்பனுக்குரிய கரத்திலிருந்தே வருகின்றன என்று சொல்கிறது. அடுத்த பதில் அதனால் வரும் பயனை விளக்குகிறது: துன்பத்தில் பொறுமை, நன்மையில் நன்றி, வரப்போகிற காலத்தைக் குறித்து உறுதியான நம்பிக்கை. புத்தியாக நடந்துகொண்டவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அங்கே ஒரு நிபந்தனையும் இல்லை. "மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும், அவனுடைய நடைகளை உறுதிப்படுத்துகிறவரோ கர்த்தர்" என்று நீதிமொழிகள் 16:9 சொல்லும்போது, நன்றாக யோசித்த இருதயத்தை மட்டும் அது குறிப்பிடவில்லை.

அதே வேளையில், தேவ பராமரிப்பு தவறைச் சரியாக்கிவிடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. யோசேப்பு, தன்னை அடிமையாக விற்றுப்போட்ட சகோதரரிடம், "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற பொருளில் பேசுகிறான் (ஆதியாகமம் 50:20). முடிவு நன்மையாயிற்று என்பதற்காக அவர்கள் செய்ததை நன்மை என்று அவன் பெயர் மாற்றவில்லை. தீமை என்ற சொல் அந்த வாக்கியத்தில் அப்படியே நிற்கிறது. அதை நீக்கிவிட்டால் மனந்திரும்புதலுக்கு இடமில்லை. தேவனுடைய செயலை நீக்கிவிட்டாலோ நம்பிக்கைக்கு இடமில்லை.

எது உங்கள் தவறு என்று பிரித்துப் பாருங்கள்

துன்பம் நீடிக்கும்போது எல்லாம் ஒரே முடிச்சாகிவிடுகிறது. ஒரு தாளை எடுத்து அதைப் பிரித்து எழுதும்படி ஆலோசனை சொல்வேன். நான் தெரிந்தே தேவனுக்குக் கீழ்ப்படியாமல் செய்தது எது? பாவம் இல்லாவிட்டாலும் யோசனையின்றிச் செய்தது எது? மற்றவர்கள் எனக்குச் செய்தது எது? யாருடைய குற்றமும் இல்லாமல் நேர்ந்தது எது? இந்த நான்கையும் ஒன்றாகக் கலக்கிறவர், ஒன்றில் எல்லாப் பழியையும் தன்மேல் சுமந்துகொள்வார், அல்லது எல்லாவற்றையும் தேவன்மேல் போட்டுவிடுவார். இரண்டாவது எவ்வளவு எளிதாக நடக்கும் என்பதை நீதிமொழிகள் 19:3 காட்டுகிறது: மனுஷனுடைய மதியீனம் அவன் வழியைத் தாறுமாறாக்குகிறது, ஆனாலும் அவன் மனம் கர்த்தருக்கு விரோதமாகத் தாங்கலடைகிறது. முதலாவது தவறுக்கோ யோபுவின் நண்பர்களே சாட்சி. எல்லாத் துன்பத்துக்கும் பின்னால் ஒரு குற்றம் இருந்தாக வேண்டும் என்று அவர்கள் வாதாடினார்கள், முடிவில் தேவனாலேயே கண்டிக்கப்பட்டார்கள். பிறவிக் குருடனைப் பற்றிக் கேட்ட சீஷர்களுக்கும் இயேசு, அது அவன் செய்த பாவமுமல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார் (யோவான் 9:3).

பாவமாக இருப்பதை அதன் பெயரைச் சொல்லி அறிக்கையிடுங்கள். பொதுவாக "நான் பாவி" என்பதோடு நின்றுவிடாதீர்கள். 1 யோவான் 1:9இல் உள்ள வாக்குத்தத்தம் அதற்குப் போதுமானது. அறியாமையினாலோ அனுபவமின்மையினாலோ நடந்ததற்கு வேண்டியது பாடம் கற்றுக்கொள்வதே. அதற்காகத் தினமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பது தாழ்மைபோலத் தோன்றினாலும், உண்மையில் இல்லாத பாவத்தை உண்டாக்கிக்கொள்வதாகும். பேதுருவும் யூதாசும் ஏறத்தாழ ஒரே வேளையில் விழுந்தார்கள், இருவரும் துக்கப்பட்டார்கள். ஒருவனுடைய துக்கம் அவனை ஆண்டவரிடம் திரும்பக் கொண்டுவந்தது, மற்றவனுடைய துக்கம் அவனைத் தனிமைக்குள் தள்ளியது. பேதுரு விழுவதற்கு முன்னதாகவே, அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்குத் தாம் வேண்டிக்கொண்டதாக இயேசு சொல்லியிருந்தார் (லூக்கா 22:32). உங்கள் தவறு உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கலாம், அவருக்கு அது புதிய செய்தி அல்ல.

தவறான தீர்மானத்தை வேறொரு தவறால் அழிக்க முயலாதீர்கள்

இந்த இடத்தில்தான் பலர் இரண்டாவது முறை இடறுகிறார்கள் என்று நினைக்கிறேன். முதல் தீர்மானம் தேவ சித்தத்துக்குப் புறம்பானது என்று உணர்ந்ததும், அதிலிருந்து எப்படியாவது வெளியே வந்துவிட்டால் தேவனுடைய திட்டத்துக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணி, கொடுத்த வாக்கை மீறுகிறார்கள், பொறுப்பைக் கைவிடுகிறார்கள், ஒரு கடனை அடைக்க அதைவிடப் பெரிய கடனுக்குள் போகிறார்கள்.

யோசுவா 9ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். கிபியோனின் குடிகள் பழைய ஆடைகளையும் பூசணம்பூத்த அப்பத்தையும் காட்டி, தாங்கள் வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் என்று நம்பவைத்தார்கள். இஸ்ரவேலின் தலைவர்கள் அப்பத்தைச் சோதித்தார்கள், கர்த்தருடைய வாக்கையோ கேட்கவில்லை. உடன்படிக்கைக்கு ஆணையிட்டுக் கொடுத்தார்கள். மூன்று நாள் கழித்து, அவர்கள் அருகிலேயே குடியிருக்கிறவர்கள், இஸ்ரவேல் உடன்படிக்கை செய்யக்கூடாத தேசத்தார் என்ற உண்மை தெரிந்தது. சபையார் முறுமுறுத்தபோதிலும், தேவனுடைய நாமத்தில் இட்ட ஆணையை மீற மாட்டோம் என்று தலைவர்கள் உறுதியாக நின்றார்கள்.

அடுத்த அதிகாரத்தில் நடப்பதுதான் வியப்பு. ஐந்து ராஜாக்கள் சேர்ந்து கிபியோனைத் தாக்க, இஸ்ரவேல் தன் தவறான உடன்படிக்கையின் நிமித்தமாகவே போருக்குப் போகவேண்டியதாயிற்று. "நீ என்னைக் கேளாமல் செய்த உடன்படிக்கை இது, நீயே சமாளித்துக்கொள்" என்று கர்த்தர் சொல்லவில்லை. பயப்படாதே என்றார். சூரியன் தரித்து நின்ற அந்த நாள், யோசனையற்ற ஒரு வாக்கைக் காப்பாற்றப் போன வழியில் வந்த நாள். பல தலைமுறைகளுக்குப் பின் சவுல் அந்த ஆணையை மீறிக் கிபியோனியரைக் கொன்றபோது, தாவீதின் காலத்தில் தேசத்தில் மூன்று வருஷம் பஞ்சம் உண்டாயிற்று (2 சாமுவேல் 21:1). தொடக்கத்தில் தவறாகச் செய்யப்பட்ட உடன்படிக்கையும் காக்கப்பட வேண்டியதாகவே தேவனுடைய பார்வையில் இருந்தது.

ஆகையால் உங்கள் தீர்மானம் இன்று உங்கள்மேல் எந்த நியாயமான கடமையைச் சுமத்தியிருக்கிறதோ, அதை உண்மையாய் நிறைவேற்றுங்கள். கடன் என்றால் கொடுத்தவரிடம் ஒளியாமல் பேசி, சிறிது சிறிதாகவாவது திருப்பிக் கொடுங்கள். ஒருவரைக் காயப்படுத்தியிருந்தால் போய் மன்னிப்புக் கேளுங்கள். பிள்ளைகள் உங்களை நம்பியிருந்தால் அவர்களுக்கான உங்கள் பொறுப்பு பழைய வருத்தங்களுக்காகக் காத்திருக்காது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: வன்முறைக்கும் உயிராபத்துக்கும் நடுவே தங்கியிருப்பது தேவ பராமரிப்பை நம்புவதாகாது. சவுலின் ஈட்டிக்குத் தாவீது விலகி ஓடினான். பவுல் தமஸ்குவின் மதிலிலிருந்து கூடையில் இறக்கப்பட்டுத் தப்பினார். பாதுகாப்பைத் தேடுவதும், உதவி கேட்பதும், சட்டத்தின் துணையை நாடுவதும் விசுவாசக் குறைவல்ல.

இன்றைக்குரிய வேலையைச் செய்யுங்கள்

தாவீது சிக்லாகுக்குப் போன கதை இதற்கு நல்ல வழிகாட்டி. சவுலுக்குப் பயந்து, தன் இருதயத்தில் யோசித்து, பெலிஸ்தரின் தேசத்தில் அவன் அடைக்கலம் புகுந்தான். அந்தத் தீர்மானத்துக்கு முன் அவன் கர்த்தரிடம் விசாரித்ததாக வேதம் சொல்லவில்லை. ஒரு வருஷமும் நாலு மாதமும் பொய்யின்மேல் பொய் சொல்லி வாழ்ந்தான். முடிவில் தன் சொந்த ஜனத்துக்கு விரோதமாகப் போருக்குப் போகவேண்டிய நிலை வந்தபோது, பெலிஸ்தப் பிரபுக்கள் அவனை நம்பாமல் திருப்பி அனுப்பினார்கள். அது அவனுக்கு அவமானமாகத் தோன்றியிருக்கும். ஆனால் சவுலும் யோனத்தானும் மடிந்த அந்தப் போரில் தாவீது எதிரியின் பக்கம் நிற்காதபடி காத்தது அந்த அவமானமே. உங்களுக்கும் சில கதவுகள் அடைபட்டிருக்கும். அவற்றைத் திரும்ப எண்ணிப்பாருங்கள்.

திரும்பி வந்தவன் கண்டது எரிந்த ஊரையும், சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட குடும்பங்களையும், தன்னைக் கல்லெறிய வேண்டும் என்று பேசிக்கொண்ட தோழர்களையுமே. அழ இனிப் பெலனில்லாமல்போகுமட்டும் அவர்கள் அழுதார்கள். அதன்பின் தாவீது தன் தேவனாகிய கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டான், ஆசாரியனாகிய அபியத்தாரை அழைத்து, கர்த்தருடைய சித்தத்தை விசாரிக்க உதவும் ஆசாரிய உடையாகிய ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லி, கொள்ளையிட்டவர்களைக் குறித்து "பின்தொடரவா?" என்று கர்த்தரிடம் கேட்டான் (1 சாமுவேல் 30:6-8). இந்த வரிசையைக் கவனியுங்கள்: அழுகை, திடப்படுத்திக்கொள்ளுதல், கேட்டல், எழுந்து போதல். அழுகையைத் தாண்டிக் குதிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் பதினாறு மாதங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் அவன் அங்கேயே உட்கார்ந்துவிடவும் இல்லை; அன்று செய்யவேண்டியது ஒன்று இருந்தது, அதைச் செய்தான்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியதும் இதையே. 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனத்தைப் பலர் மனப்பாடமாக அறிவார்கள். அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷத்தைப் பற்றிப் பேசுகிறது, அதற்கும் முன்னே வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்ற கட்டளை இருக்கிறது. தங்கள் கீழ்ப்படியாமையின் பலனை அனுபவிக்கிறவர்களுக்குத் தேவன் கொடுத்த வேலை அது.

வழிவகைகளையும் அசட்டை செய்யாதீர்கள். பவுலின் எச்சரிப்பைக் கேளாமல் புறப்பட்ட கப்பல் புயலில் அகப்பட்டபோது, அதிலிருந்த 276 பேரில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் வாக்குக் கொடுத்திருந்தான். ஆனாலும் கப்பலாட்கள் தப்பியோடப் பார்த்தபோது, இவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று பவுல் எச்சரித்தார். எல்லாரையும் சாப்பிடவும் சொன்னார் (அப்போஸ்தலர் 27). வாக்குத்தத்தம் நிறைவேறியது, கப்பலோ உடைந்துபோயிற்று. உயிர் தப்புவதற்கும் எதுவும் இழக்காமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால், தேவன் வாக்களிக்காத ஒன்றை எதிர்பார்த்து ஏமாந்துபோக மாட்டீர்கள். மருத்துவரிடம் போவதும், கணக்கு எழுதுவதும், வேலை தேடுவதும் பராமரிப்புக்கு எதிரானவை அல்ல. பெரும்பாலும் பராமரிப்பு வருகிற வழிகளே அவை.

விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள்

யோசேப்பு விற்கப்பட்டபோது அவனுக்கு வயது 17. பார்வோனுக்கு முன்பாக நின்றபோது 30. அதன்பின் ஏழு வருஷம் விளைவும் இரண்டு வருஷம் பஞ்சமும் கடந்தபின்புதான் தன்னைச் சகோதரருக்கு வெளிப்படுத்தினான். "தேவன் என்னை முன்னே அனுப்பினார்" என்று அவன் சொல்ல ஏறத்தாழ 22 வருஷம் ஆயிற்று. குழியில் இருந்தபோது அவன் அப்படிச் சொன்னதாக எங்கும் இல்லை. உங்கள் துன்பத்தின் காரணத்தை இந்த ஆண்டே கண்டுபிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. துன்பப்படுகிற வேறொருவரிடம் போய் "எல்லாம் நன்மைக்கே" என்று முதல் நாளே சொல்லவும் வேண்டாம். அது உண்மைதான், ஆனால் அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று எழுதியவரும் ரோமர் 8:28ஐ எழுதின அதே பவுல்தான். அந்த வசனம் குறிப்பிடும் நன்மை இழந்ததெல்லாம் திரும்பக் கிடைப்பது அல்ல, குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது என்பதை அடுத்த வசனத்தில் காண்கிறோம்.

நகோமி மோவாபிலிருந்து திரும்பி வந்தபோது, நிறைவுள்ளவளாய்ப் போன என்னைக் கர்த்தர் வெறுமையாய்த் திரும்பிவரச் செய்தார் என்றாள். அவள் அதைச் சொன்ன வேளையில் ரூத் அவள் பக்கத்திலே நின்றுகொண்டிருந்தாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணவனையும் இரண்டு குமாரரையும் புதைத்த கண்களுக்கு அருகில் இருப்பது தெரியாமல்போவது இயல்பே. இதனால்தான் சபையில் முதிர்ந்த ஒருவரிடம் உங்கள் நிலையை மாதம் ஒருமுறையாவது மனந்திறந்து பேசுவது நல்லது என்கிறேன். நீங்கள் காணாத ரூத்தை அவர் காணக்கூடும்.

அடுத்த தீர்மானம் வரும்போது

முன்பு தவறியவருக்கு அடுத்த தீர்மானம் பயமாக இருக்கும். யோசுவா 9இல் இஸ்ரவேலின் தலைவர்கள் அப்பத்தைச் சோதித்தது தவறல்ல, அதோடு நிறுத்தியதே தவறு. எனவே விசாரிக்க வேண்டியதை விசாரியுங்கள், "வேண்டாம்" என்று சொல்லத் தயங்காத ஒருவரிடம் கேளுங்கள், இன்றே முடிவு வேண்டும் என்று நெருக்குகிறவரிடம் ஒரு நாளாவது தவணை கேளுங்கள், வேதத்தைத் திறந்து வைத்து யாக்கோபு 1:5ஐப் பற்றிக்கொண்டு ஜெபியுங்கள். ஞானத்தைக் கேட்கிறவரைத் தேவன் கடிந்துகொள்ளுகிறதில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது.

யோசுவாவின் காலத்துக்கு நெடுங்காலத்துக்குப் பின், இளம் ராஜாவான சாலொமோன் பலியிடும்படி ஓர் இடத்துக்குப் போனான். அன்று இரவு கர்த்தர் சொப்பனத்தில் தோன்றி, உனக்கு வேண்டியதைக் கேள் என்றார். நன்மை இன்னது தீமை இன்னது என்று வகையறுக்கும் இருதயத்தை அவன் கேட்டான் (1 இராஜாக்கள் 3:5-9). அந்த இடம் கிபியோன்.