சின்ன போனா, பெரிய போனா? வாங்குவதற்கு முன் ஒரு அட்டையும் கொஞ்சம் சில்லறையும் எடுங்கள்

"அண்ணே, ஐம்பதாயிரத்துக்குச் சின்னதா ஒண்ணு இருக்கு. ஒண்ணேகால் லட்சத்துக்குப் பெருசா ஒண்ணு இருக்கு. எதை எடுக்கட்டும்?" என்று சித்தி மகன் போனில் கேட்டான். அவன் சொன்ன இரண்டும் கூகுளின் பிக்சல் 9 வரிசை. சின்னது 9ஏ, பெரியது 9 ப்ரோ எக்ஸ்எல். ஐம்பதாயிரத்தைப் 'பட்ஜெட்' என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனால் அந்தக் கம்பெனிக் கணக்கில் அதுதான் மலிவு.

அவன் ஒரு கேள்வி கேட்டதாக நினைத்தான். உண்மையில் அதில் இரண்டு இருந்தன. போன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக் கையும் கண்ணும் சொல்ல வேண்டும். எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதைப் போனில் நாம் செய்யும் வேலை சொல்ல வேண்டும். கடைக்காரர் இரண்டையும் சேர்த்துக் கட்டி, 'சின்னது மலிவு, பெரியது உசத்தி' என்று நீட்டிவிடுகிறார். நம் ஊரில் இருபதாயிரத்துக்குக் கீழே விற்கும் போன்களைப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாமே ஆறரை அங்குலத்துக்கு மேல்தான். மலிவு விலையில் சின்ன போன் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. அதனால் முடிச்சை முதலில் அவிழ்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போவோம். முதல்முறையாகச் சொந்தக் காசில் போன் வாங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பிக்சல் ஜோடியையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். முறை எந்தக் கம்பெனிக்கும் ஒன்றுதான்.

படி 1: பழைய போனிடம் கேளுங்கள்

'நான் கேம் ஆடுவேன், வீடியோ எடுப்பேன்' என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்பதைத் திறங்கள். எந்த ஆப்பில் எத்தனை மணி நேரம் என்று நாள்வாரியாகக் காட்டும். ஒரு வாரத்தைக் கூட்டி, முதல் ஐந்து ஆப்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஐபோனில் இதற்கு 'ஸ்க்ரீன் டைம்' என்று பெயர்.

போனில் கேட்ட அந்தச் சித்தி மகன், என் தம்பி, மருந்துக் கம்பெனியில் ரெப், அதாவது விற்பனைப் பிரதிநிதி. பகல் முழுக்க பைக். கேம்தான் முதலில் வரும் என்றான். வந்தது வாட்ஸ்அப், பிறகு மேப்ஸ், பிறகு இன்ஸ்டா. கேம் ஐந்துக்குள்ளேயே இல்லை.

எழுதிய ஐந்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் குறியுங்கள்: அதை ஒரு கையால் செய்கிறீர்களா, இரண்டு கையாலா? உட்கார்ந்தா, நின்றபடியா? அடுத்த படிக்கு இது வேண்டும்.

படி 2: அட்டையை வெட்டுங்கள், சில்லறையை எண்ணுங்கள்

அங்குலக் கணக்கு ஏமாற்றும். திரையை மூலைக்கு மூலை அளந்து சொல்கிற எண் அது. போன் கைக்குள் அடங்குமா என்பதை அது சொல்லாது. 2017இல் வந்த ஐபோன் 8 ப்ளஸ் 5.5 அங்குலத் திரை கொண்டது, அதன் அகலம் 78.1 மில்லிமீட்டர். 2021இல் வந்த ஐபோன் 13க்கு 6.1 அங்குலம், அகலம் 71.5தான். திரை பெரிதானது, போன் ஒல்லியானது. காரணம் எளிது: பழைய போனில் திரைக்கு மேலும் கீழும் வெற்றிடம் இருந்தது, திரையும் குட்டையாக இருந்தது. இப்போது எல்லாத் திரையும் நெட்டை. ஆகவே விவரப் பட்டியலில் 'டைமென்ஷன்ஸ்' என்ற வரியைத் தேடி, அதில் அகலத்தைப் பாருங்கள்.

நம் ஜோடியின் அளவு இது. 9ஏ: உயரம் 154.7, அகலம் 73.3 மில்லிமீட்டர். ப்ரோ எக்ஸ்எல்: 162.8, 76.6. அகலத்தில் மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அதனால்தான் வெட்டிப் பார்க்கச் சொல்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகை, நோட்டு அட்டை எதுவானாலும் சரி. அந்த அளவுக்கு வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டர் கனம் வரும்வரை அடுக்குங்கள். ஸ்கேல் இல்லையென்றால் ஏடிஎம் கார்டு இருக்கிறது. அதன் நீளம் 85.6, அகலம் 54 மில்லிமீட்டர், எந்த வங்கி கொடுத்தாலும் இதே அளவு.

இப்போது அட்டையைப் போன் பிடிப்பதுபோல் ஒரு கையில் பிடியுங்கள், சுண்டுவிரல் அடியில் முட்டுக் கொடுக்கட்டும். பிடியைத் தளர்த்தாமல் கட்டைவிரலால் எதிர்ப்பக்க மேல் மூலையைத் தொட முடிகிறதா? பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலுமே எட்டாது. எட்டாமல் போவதில் தப்பில்லை. எட்டுவதற்காகக் கை எவ்வளவு தூரம் மேலே நழுவுகிறது என்பதைக் கவனியுங்கள். போன் கீழே விழுவது அந்த நழுவலில்தான். எனக்கு அது அனுபவம். சில வருடங்களுக்கு முன் தள்ளுபடி என்று ஆசைப்பட்டு ஒரு பெரிய போன் வாங்கினேன். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேல் மூலையில் இருந்த பட்டனை எட்டப் போய், போன் படிக்கட்டில் குதித்தது. மூன்றாவது இஎம்ஐ கட்டுவதற்குள் திரை மாற்றினேன்.

அடுத்தது எடை. 9ஏ 186 கிராம், ப்ரோ எக்ஸ்எல் 221 கிராம். இந்த எண்களைப் படித்தால் ஒன்றும் புரியாது. பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம். இருபத்துநான்கு நாணயத்தை ஒரு சின்ன கவரில் போட்டால் அது 9ஏ, இருபத்தொன்பது போட்டால் ப்ரோ எக்ஸ்எல். (பத்து ரூபாய் நாணயத்தை வாங்கவே மாட்டேன் என்று நம் ஊர்க் கடைகள் அடம்பிடித்த காலம் உண்டு. எடைக்கல்லாகவாவது உதவட்டும்.) கவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து செருப்பு மாட்டுங்கள். மல்லாந்து படுத்து முகத்துக்கு நேரே பத்து நிமிடம் தூக்கிப் பிடியுங்கள். இதற்கு மேல் பின்பக்க கவரும் டெம்பர்டு கிளாசும் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 3: தமிழில் படித்துப் பாருங்கள்

யூடியூப் விமர்சகர்கள் யாரும் சொல்லாத சோதனை இது. இப்போதுள்ள போனில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே போய் எழுத்தின் அளவை உங்கள் வீட்டுப் பெரியவர் வைத்திருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். பிறகு மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு வங்கி ஆப்பையும் செய்தித்தளம் ஒன்றையும் திறங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். 'உறுதிப்படுத்து', 'ரத்துசெய்' எல்லாம் ஒரு பட்டனுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியாக நிற்கும். தமிழ் விசைப்பலகையிலும் ஒரு வரிசையில் சாவிகள் நெருக்கமாக இருக்கும். குறுகிய திரையில் ஒரு எழுத்தைத் தட்டப் போனால் பக்கத்து எழுத்து வரும்.

சித்திக்கும் ஒரு போன் வேண்டியிருந்தது. இந்தப் படியில்தான் அவர் தேவை மகனின் தேவையிலிருந்து பிரிந்தது. அவருக்கு வயது அறுபத்திரண்டு. எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிப்பார், சோபாவில் உட்கார்ந்துதான் போனை எடுப்பார், இரண்டு கையாலும் பிடிப்பார். அவருக்குப் பெரிய திரைதான் வேண்டும். ஆனால் பெரிய திரைக்காக ஒண்ணேகால் லட்சம் எதற்கு? பதினைந்தாயிரத்துக்கே 6.7 அங்குலத்தில் வாங்கிக் கொடுத்தாயிற்று.

படி 4: ஒன்றாக இருப்பதை அடித்துவிடுங்கள்

தாளில் இரண்டு பத்தி போட்டு இரண்டு போனின் விவரத்தையும் எழுதுங்கள். இரண்டிலும் ஒன்றாக இருப்பதைப் பேனாவால் அடியுங்கள். இரண்டிலும் அதே டென்சர் ஜி4 சிப். அடி. ஐபி68 தண்ணீர்ப் பாதுகாப்பு. அடி. ஏழு வருட அப்டேட், 256 ஜிபி இடம், 120 ஹெர்ட்ஸ் திரை. எல்லாவற்றையும் அடி.

மிஞ்சுவது கொஞ்சம்தான். பெரியதில் ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) 16 ஜிபி, சின்னதில் 8. சார்ஜ் ஏறும் வேகம் 37 வாட்டுக்கு 23. இரண்டு பெட்டியிலும் சார்ஜர் கிடையாது, வயர் மட்டும்தான். பெரியதன் திரை இன்னும் நுணுக்கமானது. ஐந்து மடங்கு தூரம் இழுக்கும் டெலிபோட்டோ கேமரா அதில் மட்டும் உண்டு. ஒரு வெப்பமானிகூட வைத்திருக்கிறார்கள், காபிச் சூட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

பேட்டரிதான் வேடிக்கை. சின்னதில் 5100 எம்ஏஎச், பெரியதில் 5060. 'பெரிய போன்னா சார்ஜ் நிற்கும்' என்ற பொதுவான நம்பிக்கை இந்த ஜோடியில் செல்லாது. அப்டேட்டும் இரண்டுக்கும் ஏழு வருடம் என்றாலும், 9ஏ பின்னால் வந்ததால் அதற்கு 2032 ஏப்ரல் வரை, ப்ரோ எக்ஸ்எல்லுக்கு 2031 ஆகஸ்ட் வரை.

சின்னதற்கும் ஒரு கொக்கி உண்டு. 9ஏவில் 200 சார்ஜ் சுற்றுக்குப் (முழு பேட்டரி அளவுக்கு ஒருமுறை செலவாகி ஏறுவது ஒரு சுற்று) பிறகு பேட்டரியின் மின்னழுத்தத்தைப் போன் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தொடங்கும், 1000 சுற்று வரை இது நடக்கும். நிறுத்த வழியில்லை. பேட்டரி கெடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு, ஆனாலும் வாங்கும்போது இருந்த அளவு நேரம் போகப் போக நிற்காது. ஐந்தாறு வருடம் ஓட்டப் போகிறவர் நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். இரண்டிலும் ஒரு பிளாஸ்டிக் சிம்தான் போட முடியும், இரண்டாவது இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம். மெமரி கார்டு போட இடமில்லை, ஹெட்போன் துளையும் இல்லை. இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் கம்பெனி இசிம் தருமா என்று விசாரியுங்கள்.

படி 5: கேலரியைப் புரட்டுங்கள்

மிஞ்சியவற்றில் பெரிய காசு கேட்பது அந்த டெலிபோட்டோ கேமராதான். அது உங்களுக்கு வேண்டுமா என்பதைக் கேலரியே சொல்லும். போன ஒரு வருடப் படங்களை வேகமாக ஓட்டி, விரலால் இழுத்து ஜூம் செய்து எடுத்தவற்றை மட்டும் எண்ணுங்கள். மேடையில் ஆடும் மகள், மரத்தில் உட்கார்ந்த பறவை, தேர் உச்சிக் கலசம் என்று ஐம்பது, நூறு தேறினால் பெரியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த இடத்தில் சின்ன போன் தோற்கும், சந்தேகமே வேண்டாம். தூரத்து முகம் மெழுகுப் பொம்மைபோல் வரும்.

தம்பியின் கேலரியில் ஜூம் படங்கள் ஒன்பது. அதில் ஆறு, மருந்துக்கடைப் பலகைகளில் இருந்த போன் நம்பர்.

படி 6: மாதக் கணக்கு போடுங்கள்

வெளியான நாளில் இந்தியாவில் 9ஏ 49,999 ரூபாய், ப்ரோ எக்ஸ்எல் 1,24,999 ரூபாய். இன்றைய விலை மாறியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இதை நீங்கள் உண்மையில் எத்தனை மாதம் வைத்திருப்பீர்களோ அதால் வகுங்கள். ஏழு வருடம் என்று கம்பெனி சொல்லலாம், போன போனை எத்தனை வருடம் வைத்திருந்தீர்கள் என்பதுதான் கணக்கு. மூன்று வருடம் என்றால் சின்னது மாதம் 1,389, பெரியது 3,472. வித்தியாசம் இரண்டாயிரத்துச் சொச்சம். படி 4, 5இல் மிஞ்சியவற்றுக்கு மாதா மாதம் அதைக் கொடுப்பீர்களா என்று யோசியுங்கள்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றால் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் கணக்கில்தான் ஏறும், பல வங்கிகள் செயல்பாட்டுக் கட்டணமும் பிடிக்கும். முழுப் பணம் கட்டினால் என்ன விலை என்று தனியாகக் கேளுங்கள். பழைய போனை மாற்றிக்கொள்வதாக இருந்தாலும், அது இல்லாமல் புதிய போனின் விலை என்ன என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள். பக்கத்துச் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, இரண்டு மாடலுக்கும் திரை மாற்ற எவ்வளவு என்பதையும் விசாரித்து வையுங்கள். என்னைப்போல் பஸ்ஸில் போகிறவர்கள் கட்டாயம்.

படி 7: கடையில் பத்து நிமிடம்

டெமோ போனை மேசையில் கிடந்தபடி தடவிவிட்டு வராதீர்கள். பாதுகாப்பு வயர் விடும் தூரம்வரை கையில் எடுத்து, நின்றபடி தமிழில் இரண்டு வரி தட்டுங்கள். வெளிச்சத்தைத் தானாக மாறும் நிலைக்கு வைத்து வாசல் பக்கம் திருப்பிப் பாருங்கள். படி 2இல் செய்த அட்டையைப் பையிலேயே கொண்டுபோகலாம், சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பணம் கட்டியதும் பெட்டியைக் கவுண்டரிலேயே பிரித்து, *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) பெட்டியில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

படி 8: பழைய போனை உடனே அழிக்காதீர்கள்

தம்பி 9ஏ எடுத்தான். எடுத்த அன்று ராத்திரியே பழைய போனை ரீசெட் செய்து விற்கக் கிளம்பினான், நிறுத்தி வைத்தேன். வாட்ஸ்அப் உரையாடலை மாற்றும்போது இரண்டு போனும் பக்கத்தில் இருப்பது நல்லது. ஜிபே, வங்கி ஆப் ஒவ்வொன்றும் புதிய போனிலிருக்கும் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பி மறுபடி பதிவு செய்யச் சொல்லும். ஒரு வாரம் இரண்டும் கையில் இருக்கட்டும். எல்லாம் புதியதில் ஓடுகிறது என்று பார்த்த பிறகு, பழையதில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அதன் பிறகே ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் வாங்கியவர் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கலாம், அவர் உங்களைத் தேடி வருவார்.