கடற்காற்றில் வெயில் ஓசோனைக் கரைப்பதை அளப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம் இருக்கிறது. முன்னால் லோரிகள் ஓயாமல் ஓடுகின்றன. செம்பனை இலைகள் வெயிலில் ஏராளமாக வெளியிடும் ஐசோப்ரீனும், லோரிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன. அதனால், மாசற்ற கடற்காற்றில் அதே வெயில் ஓசோனை அழிக்கிறது என்று நான் சொன்னபோது, சனிக்கிழமை வகுப்புக்கு வரும் ஐந்தாம் படிவ மாணவர்கள் நம்பத் தயங்கினார்கள். அவர்களுக்கு விளக்கியதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வினையைப் புரிந்துகொள்ளுங்கள். சுமார் 320 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் ஓசோனைப் பிளக்கும்போது ஆற்றல் மிகுந்த ஆக்சிஜன் அணு பிறக்கிறது. அவ்வணுக்களில் ஒரு சிறு பங்கு நீராவியோடு சேர்ந்து ஹைட்ராக்சில் ஆகிறது. ஹைட்ராக்சில் கார்பன் மோனாக்சைடையும் மீத்தேனையும் தாக்குவதால் பெராக்சி ரேடிக்கல்கள் என்னும், எளிதில் வினைபுரியும் மூலக்கூற்றுத் துணுக்குகள் தோன்றுகின்றன. நைட்ரிக் ஆக்சைடு போதிய அளவு இருந்தால் இவை ஓசோனைப் பெருக்கும். அது மிகமிகக் குறைந்த இடத்தில், இவற்றுள் ஒன்றான ஹைட்ரோபெராக்சில் ஓசோனையே தாக்கி அழிக்கும்.

அடுத்து, காற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டாஸ்மேனியாவின் வடமேற்கு முனையில், கேப் கிரிமில், 1976 முதல் இயங்கும் காற்றுக் கண்காணிப்பு நிலையத்தில், தென்மேற்கிலிருந்து தென்பெருங்கடலைக் கடந்து வரும் காற்றையே தூய காற்றாகக் கொள்கிறார்கள். நிலத்தைத் தொட்டு வந்த மணிநேரங்களைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். இந்தப் படியில் காட்டும் தாட்சண்யம் பின்வரும் கணக்கு முழுவதையும் கெடுத்துவிடும்.

காற்றை உறிஞ்சும் குழாய் டெஃப்லானாக இருக்கட்டும். ரப்பர் குழாய் ஒருபோதும் ஆகாது. நம் தாத்தா பாட்டி வெட்டிய பால்மரத்து ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் அறுத்து, ரப்பரில் வெடிப்பு உண்டாக்கும், தானும் தீர்ந்துபோகும். அந்த வெடிப்பின் ஆழத்தைக் கொண்டே ஒரு காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஓசோனை அளந்தார்கள் என்பது ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு மனத்தில் நிற்கவேண்டிய செய்தி.

கருவி எளியது: பாதரச விளக்கின் 254 நானோமீட்டர் ஒளியை ஓசோன் நீக்கிய காற்றின் வழியாகவும் நீக்காத காற்றின் வழியாகவும் மாறிமாறிச் செலுத்தி, ஒளி எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடுகிறது. கூடவே புற ஊதாக் கதிர், ஈரப்பதம், நைட்ரிக் ஆக்சைடு ஆகியவற்றையும் பதியுங்கள்.

பிறகு மணிக்கணக்கான சராசரியை எடுத்துப் பல நாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். கேப் கிரிமின் கோடையில் காற்றின் நூறு கோடிப் பங்கில் ஏறத்தாழ 15 பங்குதான் ஓசோன். பகலில் குறைவதோ ஒன்றிரண்டு பங்கே, ஆகவே ஒரே நாளை வைத்து முடிவு சொல்ல முடியாது. காலையில் உச்சம், பிற்பகலின் இறுதியில் தாழ்வு, இரவில் மேலிருந்து இறங்கும் காற்றால் மெல்ல ஈடு என்ற வடிவம் தெரிய வேண்டும்.

அதே பகலில் பெராக்சைடு ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஓசோனைத் தாக்கும் அதே ஹைட்ரோபெராக்சில் இரண்டு மோதிச் சேர்வதால் அது உருவாகிறது. கேப் கிரிமில் ஓசோனும் பெராக்சைடும் எதிரெதிராக ஏறி இறங்குவதை 1992இல் வெளியான அளவீடுகள் காட்டின. மேற்சொன்ன வினைகளைக் கொண்டு கணக்கிட்டதைவிட ஓசோன் இழப்பு கூடுதலாக வந்தால் கருவியைச் சரிபார்த்தபின் கடலை நினையுங்கள்: கேப் வெர்டே தீவுகளில் அப்படி வந்த மிகுதிக்குக் கடலிலிருந்து எழும் புரோமினும் அயோடினும் காரணம் என்று 2008இல் காட்டப்பட்டது.