பாரோஸ், ஆண்டிபாரோஸ்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

கிரீஸ் நாட்டின் ஈஜியன் கடலில், சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்தின் நடுவே இந்த இரண்டு தீவுகளும் அக்கம்பக்கத்தில் கிடக்கின்றன. இடையிலுள்ள கடல் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. பெரிய தீவான பாரோஸில் மூன்று இரவு தங்கி, அதில் ஒரு பகலை ஆண்டிபாரோஸுக்குக் கொடுங்கள். நான்காவது இரவு ஏதென்ஸில். அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

படி 1: மாதம்

ஜூன் அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று நாள்கணக்கில் வீசும். காற்றின் வேகத்தைச் சொல்லும் போஃபர்ட் அளவில் எட்டு, ஒன்பது என்று ஏறினால் கப்பல்கள் புறப்படத் தடை போட்டுவிடுவார்கள்; அதிவேகப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். காலையில் கப்பல், மாலையில் விமானம் என்று டிக்கெட் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஏதென்ஸ் இரவு அதற்கான காப்பு.

படி 2: காகிதங்கள்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; 15 நாளுக்குக் கீழே போகக் கூடாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வண்டி வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

படி 3: பிரேயஸ் துறைமுகம்

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து மூன்றாம் வழித்தட மெட்ரோ நேராகத் துறைமுகத்துக்கே போகும். சுமார் ஒரு மணி நேரம். ஆனால் பாரோஸ் போகும் பெரிய கப்பல் காலை ஏழரை மணிவாக்கில் கிளம்பும், முதல் மெட்ரோவைப் பிடித்தால் அதற்குப் போய்ச் சேர்வது கடினம். இரவில் இறங்குகிறவர்கள் எக்ஸ்96 பஸ்ஸில் ஏறுங்கள். அது இரவு பகலாக ஓடுகிறது. பிரேயஸ் மிகப் பெரியது, டிக்கெட்டில் உள்ள கேட் எண்ணைப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் வீண். பெரிய கப்பலில் நாலரை மணி நேரம் ஆகும், அதிவேகப் படகில் மூன்று. கடல் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரிய கப்பல்தான் நல்லது, அவ்வளவாக ஆடாது.

படி 4: பரிக்கியா

கப்பல் நிற்பது இந்த ஊரில்தான். முதல் மாலை நடந்தே பாருங்கள். பழைய கோட்டைச் சுவரை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். 13ஆம் நூற்றாண்டில் வெனிஸ்காரர்கள் அதைக் கட்டியபோது பழைய கிரேக்கக் கோயில்களைப் பிரித்துக் கல் எடுத்தார்கள். தூண் துண்டுகளை அப்படியே படுக்கவைத்து அடுக்கியிருப்பதால், ஆட்டுக்கல்லாகச் சுவரில் பதித்தது போல வட்டவட்டமாகத் தெரியும். அத்தனையும் பாரோஸ் பளிங்கு. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள பழைய கிரேக்கச் சிலையான வீனஸ் டி மிலோவுக்குப் போனதும் இந்தத் தீவின் கல்தான். அதை வெட்டியெடுத்த மராத்தி சுரங்கங்கள் உள்நாட்டில் இருக்கின்றன. வாயில்வரை போய்ப் பார்த்தால் போதும், உள்ளே சரிவு வழுக்கும்.

படி 5: ஆண்டிபாரோஸ்

கோடையில் பரிக்கியாவிலிருந்தே சிறு படகுகள் உண்டு, ஆனால் காற்றடித்தால் முதலில் நிற்பவை அவைதான். பஸ்ஸில் பாரோஸிலேயே உள்ள பூண்டா என்ற படகுத்துறைக்குப் போய், கார் ஏற்றும் படகைப் பிடிப்பதே நம்பகமானது. பத்து நிமிடத்தில் அக்கரை. டிக்கெட்டுக்குச் சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். வாடகை வண்டியைப் படகில் ஏற்றலாமா என்று கடைக்காரரிடம் முன்பே கேளுங்கள். சில ஒப்பந்தங்களில் மறு தீவில் காப்பீடு செல்லாது.

இறங்கியதும் நேராக இந்தத் தீவின் பெயர்பெற்ற குகைக்குப் போங்கள், ஊரைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். குகை பிற்பகலிலேயே மூடிவிடக்கூடும். உள்ளே 400க்கு மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம், ஈரக் காற்றில் ஏறி வருவதுதான் மூச்சு வாங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் பாதியில் திரும்பிவிடலாம், மேலிருந்தே நல்ல பகுதி தெரியும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ. 1673இல் பிரெஞ்சுத் தூதர் நுவாந்தெல் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையை இங்கே நடத்தினார். பீடமாகப் பயன்பட்ட பாறையில் அன்று வெட்டிய லத்தீன் எழுத்து இன்னும் இருக்கிறது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் உணவகத்தில் ‘நிஸ்தீசிமோ’ என்று கேளுங்கள். விரத நாள் சாப்பாடு என்று பொருள்; இறைச்சி, முட்டை, பால் கிடையாது. மீனும் இருக்காது, ஆனால் கணவாயும் இறாலும் வரலாம், அவையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மண்சட்டியில் மெதுவாக வெந்த கொண்டைக்கடலை, ரெவிதாதா, கிடைத்தால் விடாதீர்கள்.

பூண்டாவுக்குத் திரும்பும் படகு நேரத்தோடு, பூண்டாவிலிருந்து பரிக்கியாவுக்குக் கடைசி பஸ் எப்போது என்பதையும் காலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படகு இரவிலும் இருக்கும், பஸ் இருக்காது.