பழைய லேப்டாப் அடாப்டரும் ஒரு டிடிஏ 2030ஏ ஐ.சி.யும்: வீட்டிலேயே ஆம்ப்ளிஃபையர் கட்டலாம்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா சாயங்காலமானால் போனில் கூத்துப் பதிவு போட்டுக் கேட்பார். சின்ன நாதஸ்வரம் போல ஊதும் முகவீணை கீச்சென்று கேட்கும். மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் அடியோடு காணாமல் போய்விடும். அவருக்காகத்தான் முதல் ஆம்ப்ளிஃபையரைக் கட்டினேன். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் நீங்களும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

ஐ.சி.யும் கரண்டும்

ஒலியைப் பெருக்கும் வேலையைச் செய்வது ஐ.சி. என்ற சின்னச் சில்லு. எல்எம்386 என்ற ஐ.சி. மலிவுதான், ஆனால் அரை வாட்டுக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. டிடிஏ 2030ஏ-க்கு மொத்தம் ஐந்து கால்கள்தான். அதிகம் சூடானால் தானே அடங்கிக்கொள்ளும் பாதுகாப்பும் உள்ளேயே இருக்கிறது.

புதிதாகக் கட்டுகிறவர்கள் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போக வேண்டாம். 230 வோல்ட்டில் கை வைக்கும் வேலையே நமக்கு வேண்டாம். 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் ஒன்று எந்த வீட்டுப் பரணிலாவது கிடக்கும். அதில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஏழெட்டு வாட் வரும். திண்ணைக்கும் கூடத்துக்கும் தாராளம்.

சாமான்களை ஊரிலேயே வாங்கலாம். பெங்களூர் போகிறவர்கள் எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்தாலும் சரி. ஐ.சி.யை மட்டும் இரண்டாக வாங்குங்கள். நான் ஒரு முறை வாங்கிய மூன்றில் ஒன்று போலி. பவர் கொடுத்த நிமிஷமே கொதித்தது.

பற்ற வைப்பது

எழுத்துள்ள பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து 1, 2, 3, 4, 5. கால்கள் டாட் போர்டு ஓட்டைக்கு நேராக உட்காராது. நோஸ் பிளையரால் ஒவ்வொன்றாக மெதுவாக விரியுங்கள். ஒரே காலை இரண்டு மூன்று தடவை வளைத்தால் அடியோடு முறிந்துவிடும்.

5-ஆம் கால் பிளஸ், 3-ஆம் கால் கிரவுண்டு. இவை இரண்டுக்கும் நடுவில் 1000 மைக்ரோ ஃபாரட் 35 வோல்ட் கெப்பாசிட்டர், கூடவே 0.1 மைக்ரோ ஃபாரட் ஒன்று. கால்களை ஒட்டியே வையுங்கள்.

மூன்று 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் எடுங்கள். இரண்டை வரிசையாகப் பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே போட்டால் நடுப்புள்ளியில் பாதி வோல்டேஜ் நிற்கும். அந்தப் புள்ளியிலிருந்து 22 மைக்ரோ ஃபாரட் கிரவுண்டுக்கு. மூன்றாவது ரெசிஸ்டர் 1-ஆம் காலுக்கு. 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலின் நடுக்கால், 1 மைக்ரோ ஃபாரட் வழியாக அதே 1-ஆம் காலில் சேரும். கெப்பாசிட்டரின் பிளஸ் ஐ.சி. பக்கம்.

4-க்கும் 2-க்கும் நடுவில் 150 கிலோ ஓம். 2-லிருந்து 4.7 கிலோ ஓம், அதன் வாலில் 22 மைக்ரோ ஃபாரட், பிறகு கிரவுண்டு. இந்த ஜோடிதான் சிக்னலைச் சுமார் 33 மடங்கு பெருக்குகிறது.

4-ஆம் காலிலிருந்து 1 ஓமும் 0.22 மைக்ரோ ஃபாரடும் வரிசையாகக் கிரவுண்டுக்கு. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் காதுக்கு எட்டாத வேகத்தில் சர்க்யூட் தானாக ஆட ஆரம்பித்து, பாட்டே இல்லாமல் ஐ.சி. சுடும். கடைசியாக 4-லிருந்து 2200 மைக்ரோ ஃபாரட் வழியாக ஸ்பீக்கர்.

ஐ.சி.யின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடான ஹீட் சிங்க் உள்ளங்கை அகலம் இருக்கட்டும். ஐ.சி.யின் உலோக முதுகு 3-ஆம் காலோடு சேர்ந்தது. இங்கே அது கிரவுண்டு என்பதால் நடுவில் கரண்டைத் தடுக்கும் மைக்கா தாள் வேண்டாம், ஹீட் சிங்க் பேஸ்ட் தடவினால் போதும்.

கிரவுண்டு: இதில்தான் உயிர் இருக்கிறது

என் முதல் செட் உம்ம்ம் என்று உறுமிக்கொண்டே இருந்தது. பாகம் பாகமாக மாற்றிப் பார்த்தேன், போகவில்லை. ஸ்பீக்கருக்குப் போய்த் திரும்பும் கரண்டும் போனிலிருந்து வரும் மெல்லிய சிக்னலும் ஒரே கிரவுண்டு ஒயரில் போயிருந்தன. அந்த ஒயரில் விழும் துளி வோல்டேஜையும் ஐ.சி. 33 மடங்காக்கிவிடும். அதனால் அடாப்டர் மைனஸ், 1000 மைக்ரோ ஃபாரடின் மைனஸ், 3-ஆம் கால், ஸ்பீக்கர் மைனஸ், 0.22-இன் முனை எல்லாம் ஒரே புள்ளியில் கூடட்டும். இன்புட் பக்கக் கிரவுண்டுகளைத் தனியாகச் சேர்த்து, ஒரே ஒரு ஒயரால் அந்தப் புள்ளிக்குக் கொண்டுவாருங்கள்.

முதல் பவர்

ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். ஹைவே ஊர் நம்முடையது, லாரி ஸ்பேர் கடைக்குப் பஞ்சமில்லை. 24 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று வாங்கி அடாப்டரின் பிளஸ் ஒயரில் வரிசையாகப் போடுங்கள். ஆன் செய்ததும் பல்பு மினுக்கென்று எரிந்து அணைந்தால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். உடனே பிடுங்கிவிட்டுத் தேடுங்கள்.

அணைந்துவிட்டதா? மல்டிமீட்டரை 4-ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் வையுங்கள். 9 அல்லது 9.5 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். பூஜ்யமோ முழு 19-ஓ காட்டினால் 2-ஆம் காலையும் 100 கிலோ ஓம்களையும் திரும்பப் பாருங்கள். சரியாக இருந்தால் பவரை நிறுத்திவிட்டு, பல்பை எடுத்து ஸ்பீக்கரை மாட்டலாம்.

போனின் இடது, வலது ஒயர்களை நேராக முறுக்கிச் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம் போட்டு வால்யூமில் சேர்த்துவிடுங்கள்.

பிறகும் உறுமல் இருந்தால் வால்யூமை முழுக்கக் குறைத்துப் பாருங்கள். குறைத்ததும் நின்றால் இன்புட் ஒயரில்தான் குறை, ஷீல்டு ஒயர் போடுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் அந்த ஒற்றைப் புள்ளிக் கிரவுண்டை மறுபடி பிரித்துக் கட்டுங்கள். நான் மூன்று தடவை பிரித்தேன். மூன்றாவது தடவை முகவீணைக்குக் கீழே தொப்பி தனியாகத் தும்மென்று விழுந்தது. அப்பா போனைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தார்.