மார்பக அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றால், மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய துணிமணிகளை எண்ணத் தொடங்கும் முன்பே ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தனியாக உட்காருங்கள். அறுவை முடிந்த பிறகு உங்கள் உடலும் அன்றாட வாழ்வும் எப்படி இருக்கும் என்று உள்ளூர எண்ணியிருக்கிறீர்களோ, அதைக் கூச்சமின்றி முழு வாக்கியங்களாக எழுதுங்கள். ‘இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிடுவேன்’, ‘மார்பகம் முழுவதையும் எடுத்துவிட்டால் நோய் இனி வராது’, ‘இனி கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கே பிடிக்காது’ என்று எது தோன்றினாலும் எழுதலாம். இவற்றுள் சில நிறைவேற முடியாத நம்பிக்கைகளாகவும், சில தேவைக்கு மீறிய அச்சங்களாகவும் இருக்கும். இரண்டையும் மருத்துவரால் சரிசெய்ய முடியும். ஆனால் நீங்கள் வாய்விட்டுச் சொல்லாததை அவரால் ஊகிக்க முடியாது.

அந்தத் தாளோடு அறுவை மருத்துவரைச் சந்திக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு அகற்றப் போகிறார்கள், ஏன் என்பதே. முழுவதையும் எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் பலரிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் முன்னின்று நடத்திய இரு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளிவந்தபோது, தொடக்க நிலைப் புற்றுநோயில் கட்டியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கும், மார்பகம் முழுவதும் அகற்றப்பட்ட பெண்களுக்கும் உயிர்வாழும் வாய்ப்பில் வேறுபாடு இல்லை என்று தெரியவந்தது. எஞ்சிய மார்பகத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு சற்று உண்டு. முழுவதையும் அகற்றிய பிறகும் மார்புச் சுவரில் அது திரும்பக்கூடும். கட்டிகள் பல இடங்களில் இருப்பவர்களுக்கும், கதிர்வீச்சு பெற இயலாதவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும் மருத்துவர் வேறு முடிவைப் பரிந்துரைக்கலாம். எனவே ‘எது நல்லது’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘என் கட்டிக்கு எது பொருந்தும்’ என்று கேளுங்கள்.

அறுவையோடு சிகிச்சை முடிந்துவிடும் என்று எழுதியிருந்தால் அந்த வரியைத் திருத்திக்கொள்வது நல்லது. அகற்றிய திசுவின் ஆய்வறிக்கை வர ஒன்றிரண்டு வாரங்கள் ஆகலாம். விளிம்பில் புற்றணுக்கள் தென்பட்டால் சிறிய மறு அறுவை தேவைப்படலாம். கீமோதெரபி, கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை ஆகியவற்றில் எவை வேண்டும் என்பதையும் பெரும்பாலும் அந்த அறிக்கையே தீர்மானிக்கிறது. ஹார்மோன் மாத்திரை 5 முதல் 10 ஆண்டுகள் வரை நீளக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பவர்களுக்கு அது தண்டனையாகத் தோன்றுவது குறைவு என்பது என் எண்ணம்.

முதல் வாரங்களில் காயத்தின் அருகே ஒரு வடிகுழாய் இருக்கக்கூடும். ஒரு நாளில் வடியும் நீர் சுமார் 30 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கும்போது அதை எடுப்பது பரவலான வழக்கம். எடுத்த பிறகும் அந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் காட்டினால் தேவைக்கேற்ப ஊசியால் உறிஞ்சி எடுப்பார்.

கையைப் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டும், ஏனெனில் பெண்கள் மார்பகத்தைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதும் தாள்களில் கைக்கு இடமே இருப்பதில்லை. அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றும்போது அவ்வழியே செல்லும் உணர்வு நரம்பு பாதிக்கப்படுவதால் மேற்கையின் உட்புறம் மரத்துப்போகலாம். சிலருக்கு அது மாதக்கணக்கில் குறைந்துவரும், சிலருக்கு நிலைத்துவிடும். அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு கட்டி இழுப்பது போன்ற இறுக்கமும் வரலாம். பயிற்சியால் அது பெரும்பாலும் விலகிவிடும். தோளை அசைக்கும் எளிய பயிற்சிகளை எந்த நாளில் தொடங்கலாம், எந்த உயரத்துக்கு மேல் கையைத் தூக்கக் கூடாது, பாரம் தூக்க எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்பதையெல்லாம் பிசியோதெரபிஸ்டிடம் அறுவைக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கை வீக்கம் தனியாகக் கேட்க வேண்டியது. அக்குள் முடிச்சுகள் முழுவதுமாக அகற்றப்பட்டவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கும், ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் சென்டினல் முறையில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கும் அது வருகிறது. மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும் என்பதால் மோதிரமோ சட்டைக்கையோ திடீரென இறுகினால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். அந்தக் கையால் இனி எந்தப் பாரமும் தூக்கக் கூடாது என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். முறையான மேற்பார்வையில் படிப்படியாக எடை தூக்கிப் பயிற்சி செய்வது வீக்கத்தைக் கூட்டுவதில்லை என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிய பிறகு அந்தத் தடை தளர்ந்துவிட்டது.

மார்பகத்தின் உருவத்தை அறுவையால் மீண்டும் அமைக்கும் மறுசீரமைப்பு செய்துகொள்வதாக இருந்தால், ‘பழையபடி ஆகிவிடும்’ என்று எழுதிய வரிக்கு அடியில் ‘உருவமா, உணர்வா?’ என்று குறித்துக்கொள்ளுங்கள். உருவத்தைப் பெருமளவு மீட்டுத்தர முடியும். தொடுவுணர்வு முன்போல் திரும்புவது அரிது. மார்பக வடிவத்துக்காக உள்ளே வைக்கும் சிலிக்கோன் பொருத்துகள் ஆயுள் முழுவதற்குமானவை அல்ல, கதிர்வீச்சு பெற்ற இடத்தில் அவை இறுகிச் சுருங்கும் வாய்ப்பும் கூடுதல், பல நேரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைகள் தேவைப்படும். மறுசீரமைப்பே வேண்டாம் என்பதும் முழுமையான ஒரு தெரிவுதான்; உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகம் காயம் ஆறிய பிறகு கிடைக்கும், அல்லது எதையும் வைக்காமலும் வாழலாம்.

களைப்பைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். தையல் ஆறிய பிறகும், குறிப்பாகக் கதிர்வீச்சோ கீமோதெரபியோ தொடர்ந்தால், அது மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஆகவே வேலைக்குத் திரும்பும் நாளை இப்போதே உறுதிசெய்யாமல், முதலில் அரை நாள் வேலைக்கு வழி உண்டா என்று விசாரித்து வையுங்கள்.

கடைசியாக, தழும்பை முதன்முதலில் எப்போது, யாருடன் பார்ப்பது என்பதையும் அந்தத் தாளிலேயே முடிவுசெய்து எழுதுங்கள். செவிலியர் கட்டு மாற்றும்போது அவர் அருகில் இருக்கையிலேயே பார்ப்பதா, கணவரோடு பார்ப்பதா, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே பார்ப்பதா என்பது உங்கள் விருப்பம். அன்று வீக்கமும் சிவப்பும் இருக்கும், தழும்பு மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அந்த நாளின் தேதியைக் குறித்துவைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள்.