சுவர் எழுதிய நண்பனோடு ஸ்ட்ராட் மியூசியம்

ஆம்ஸ்டர்டாமில் கிராஃபிட்டிக்கும் தெருவோவியத்துக்குமான ஸ்ட்ராட் மியூசியம் பார்க்கப் போகிறீர்களா? பிரஷ் பிடித்துப் பிழைத்த ஆள் யாராவது தெரிந்தவர் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்பு மதுரையில் சுவர் விளம்பரம் எழுதியவன் என் நண்பன். ஒரு படத்துக்கும் "என்ன அர்த்தம்?" என்று அவன் கேட்கவில்லை. "இவ்வளவு பெருசா எப்படிடா ஏத்தினான்?" என்றுதான் கேட்டான். கிராஃபிட்டி பார்ப்பதற்கு அதைவிட நல்ல கேள்வி கிடையாது.

முதலில் வழி. சென்ட்ரல் ஸ்டேஷனின் பின்வாசலில் இறங்கினால் படகுத்துறை. டிக்கெட் இல்லை, இலவசம்தான். பலகையில் என்டிஎஸ்எம் (மியூசியம் இருக்கும் பழைய கப்பல் பட்டறைப் பகுதி) என்று இருக்கிறதா எனப் பார்த்து ஏறுங்கள். அவசரத்தில் பக்கத்துப் படகில் ஏறினால் எதிர்க்கரையில் வேறு இடத்தில் இறக்கிவிட்டுவிடும். கால் மணி நேரப் பயணம், காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும், ஜாக்கெட் அவசியம்.

வந்ததும் நேரே உள்ளே நுழைந்துவிடாதீர்கள். வெளிச்சுவரிலேயே பிரேசில் ஓவியர் எடுவார்டோ கோப்ரா 2016-இல் வரைந்த, டைரி எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் முகம் இருக்கிறது. எட்ட நின்று பார்த்தால் முகம். சுவரை ஒட்டிப் போனால் வெறும் வண்ணத் துண்டுகள். உள்ளேயும் எல்லாப் படத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும், தூரத்தில் ஒரு தரம், மூக்கு உரசும் கிட்டத்தில் ஒரு தரம்.

கட்டடம் பழைய கப்பல் பட்டறையின் வெல்டிங் கூடம். கம்பெனி 1984-இல் திவாலாகிப்போனது. மியூசியம் திறந்தது 2020-இல். பிரம்மாண்டமான கேன்வாஸ்கள் மேலிருந்து தொங்குகின்றன. பலவற்றை ஓவியர்கள் அங்கேயே வந்து வரைந்திருக்கிறார்கள்.

கிட்டே போனால் எதைப் பார்ப்பது? கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஸ்ப்ரே கேனை ஒட்டிப் பிடித்து அடித்தால் கோடு கூர்மையாக விழும். தள்ளிப் பிடித்தால் ஓரம் புகையாகக் கரையும். கை தயங்கிய இடத்தில் பெயின்ட் வழிந்திருக்கும். அட்டையில் வெட்டிய ஸ்டென்சிலை வைத்து அடித்தது என்றால் எழுத்தின் கோட்டில் சின்ன இடைவெளிகள் தெரியும். எழுத்தின் நடுவே இருக்கும் அட்டைத் துண்டு விழாமல் பிடித்து நின்ற பாலங்களின் இடம் அவை.

நண்பனின் கேள்விக்கும் பதில் உண்டு. மதுரையில் அவர்கள் பொடி தோய்த்த நூலைச் சுண்டிக் கட்டம் போடுவார்கள். இங்கே பலர் சுவர் முழுக்கக் கிறுக்கி, அதைப் போட்டோ எடுத்து, போனில் அதன்மேல் தங்கள் ஓவியத்தைப் பொருத்திக்கொள்கிறார்கள். எந்தக் கிறுக்கல் பக்கத்தில் கண் வருகிறது, எதன்மேல் உதடு வருகிறது என்று பார்த்து வரைந்தால் போதும். இதைச் சொன்னதும், "அளவுகோலே வேண்டாமா!" என்று கொஞ்சம் பொறாமையோடுதான் சொன்னான். பெயின்ட் மெலிந்த இடங்களில் அந்தக் கிறுக்கல் எட்டிப்பார்க்கிறதா என்று தேடுங்கள், நல்ல விளையாட்டு.

ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டாம். ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, பிடித்த படத்துக்கு மற்றவரை இழுத்துவந்து காட்டுங்கள். பிடிக்காததற்கும் இழுத்துவரலாம், பேச்சு அங்கேதான் சூடுபிடிக்கும்.

வெளியே வந்ததும் உடனே படகுக்கு ஓடாதீர்கள். துறைமுகக் கொட்டகைகளில் சாவகாசமாக ஒரு சுற்று வாருங்கள். ஒரே நிறத்தில் நொடிகளில் போட்ட கையெழுத்தான டேக், உப்பிய எழுத்தில் த்ரோ-அப், அதையும் மறைத்து அடித்த புதுப் படம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அங்கே விளக்க அட்டை கிடையாது, எது முதலில் வந்தது என்று நீங்கள் இருவரும்தான் தீர்மானிக்க வேண்டும்.