பல ஆண்டுகள் தொடாமல் விட்ட டெபியன் சர்வரைத் தொலைவிலிருந்தே புதுப்பிக்கும் முறை

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் 9-ஆம் பதிப்பு நிறுவப்பட்ட ஒரு சர்வர், எங்கோ ஒரு தரவு மையத்தில், ஆண்டுக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2017 ஜூனில் வெளிவந்த அந்தப் பதிப்புக்கு டெபியன் திட்டம் அளித்துவந்த நீண்டகால ஆதரவு 2022 ஜூன் இறுதியோடு முடிந்துவிட்டது. இப்போது அதன் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இயந்திரம் நம் மேசைக்கு அடியில் இருந்தால் எது கெட்டாலும் திரையைச் செருகிச் சரிசெய்துவிடலாம். தொலைவில் இருப்பதைப் பொறுத்தவரை, நாம் உள்ளே போகும் கதவையும் அந்த அப்டேட்டே சாத்திவிடக்கூடும் என்பதுதான் உண்மையான ஆபத்து. ஆகவே இந்த வேலையின் பெரும்பகுதி, முதல் பேக்கேஜை (மென்பொருள் தொகுப்பை) மாற்றுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

தொலைவிலிருந்து கட்டளை இடப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு இல்லாமலும் உள்ளே நுழைய வழி இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். மெய்நிகர் சர்வர் என்றால், வாடகைக்குத் தருபவரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் கன்சோல், அதாவது சர்வரின் திரையையே காட்டும் வசதி, இருக்கும்; தனி இயந்திரம் என்றால் திரையையும் விசைப்பலகையையும் தொலைவிலிருந்தே தரும் ஐபிஎம்ஐ அல்லது கேவிஎம் இணைப்பைக் கேட்டுப் பெற வேண்டும். வசதி இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, அதன் வழியாக ஒருமுறை உண்மையிலேயே லாகின் செய்து பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டுகளும் எல்லோரும் எஸ்எஸ்ஹெச் சாவியைக் கொண்டே நுழைந்திருப்பதால், ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் நினைவில் இருக்காது. கன்சோலோ கடவுச்சொல்லைத்தான் கேட்கும். அது தெரியாவிட்டால் இன்றே புதிதாக அமைத்துக்கொள்ளுங்கள். கன்சோலுக்கு வழியே இல்லை என்றால், அந்த இயந்திரத்தைத் தொலைவிலிருந்து மேலேற்றும் எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது.

அடுத்து, அந்தச் சர்வர் இன்னும் உங்களுடையதுதானா என்று பார்க்க வேண்டும். டெபியனில் வழக்கமாக நிறுவப்படும் எக்ஸிம் அஞ்சல் மென்பொருளின் 4.87 முதல் 4.91 வரையிலான பதிப்புகளில், வெளியாள் ரூட் உரிமையோடு கட்டளை இடக்கூடிய ஒரு பிழை 2019 ஜூனில் வெளிவந்தது. டெபியன் 9-இல் இருந்தது 4.89. திருத்தம் உடனே வெளியிடப்பட்டது என்றாலும், அப்டேட் செய்யாத சர்வருக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. சில நாட்களுக்குள்ளேயே தானியங்கித் தாக்குதல்களும் தொடங்கிவிட்டன. ஆகவே ரூட்டின் எஸ்எஸ்ஹெச் அடைவில் நீங்கள் அறியாத சாவி இருக்கிறதா, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் பட்டியலில் எங்கிருந்தோ எதையோ இறக்கி ஓட்டும் வரி இருக்கிறதா, எந்தெந்த போர்ட்டுகள் திறந்திருக்கின்றன, காரணமின்றிச் செயலியை நூறு சதவீதம் பிடித்துக்கொண்டிருக்கும் நிரல் ஏதேனும் உண்டா என்று பொறுமையாகப் பாருங்கள். சந்தேகம் வலுத்தால் அப்டேட் அதற்கு மருந்தாகாது. தரவை மட்டும் எடுத்துக்கொண்டு புதிய சர்வரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும்.

சந்தேகம் இல்லாவிட்டாலும்கூட, இரண்டு பதிப்புகளுக்கு மேல் பின்தங்கிவிட்ட மெய்நிகர் சர்வருக்கு நான் பரிந்துரைப்பது இதே வழியைத்தான். பக்கத்தில் ஒரு புதிய சர்வரை எழுப்பி, தரவை நகலெடுத்து, சோதித்துப் பார்த்து, பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் மதிப்பை (பிறர் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) முன்கூட்டியே 300 வினாடியாகக் குறைத்துவைத்து, பிறகு முகவரியை மாற்றிவிடலாம். பழையது அப்படியே காத்திருக்கும். ஆனால் தனி இயந்திரம், மாற்ற முடியாத ஐபி முகவரி, என்னென்ன ஓடுகிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாத நிலை ஆகிய இடங்களில் இருந்த இடத்திலேயே மேலேற்றுவதைத் தவிர வழியில்லை. இனி சொல்வது அந்த நிலையில் இருப்பவர்களுக்கானது.

தற்போதைய நிலையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியல், ஓடும் சேவைகள், திறந்த போர்ட்டுகள், ஐபி முகவரிகள், ரூட்டிங், மவுன்ட் நிலை, ஒவ்வொரு பயனரின் கிரான், இவற்றோடு முக்கியமாக ஃபயர்வால் விதிகளின் அப்போதைய நிலை ஆகிய அனைத்தும் ஒரு கோப்பில் வந்து, அந்தக் கோப்பு உங்கள் கணினிக்கும் வந்துவிட வேண்டும். ஃபயர்வாலைத் தனியே சொல்வதற்குக் காரணம் உண்டு: யாரோ ஒருவர் கையால் தட்டிவிட்டுச் சேமிக்காமல் போன விதிகள் நினைவகத்தில் மட்டுமே உயிரோடு இருக்கும், ரீபூட் செய்தால் மறைந்துவிடும். இணைப்பு அறுந்தாலும் தொடரும் ஸ்கிரீன் அமர்வுக்குள் கையால் தொடங்கப்பட்ட நிரல்களுக்கும் இதே கதிதான்.

காப்புப் பிரதிக்கு, வட்டின் ஒரு கண நிலையைப் பதியும் ஸ்னாப்ஷாட் மட்டும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை ஸ்னாப்ஷாட் எடுத்தால், மின்சாரம் திடீரென்று போனபோது இருக்கும் நிலைதான் அதில் பதிவாகும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றைத் தனியே டம்ப் எடுத்து (தரவைக் கோப்பாக எழுதி), அமைப்புக் கோப்புகள் உள்ள எட்ஸி அடைவையும் பயனர் கோப்புகளையும் சேர்த்து வேறிடத்துக்கு அனுப்புங்கள். அந்த டம்ப்பை இன்னொரு கணினியில் ஏற்றிப் பார்த்து, சில அட்டவணைகளின் வரிசை எண்ணிக்கை பொருந்துகிறதா என்று சரிபார்த்த பிறகே அதைக் காப்புப் பிரதி என்று நம்பலாம்.

பலரும் தவிர்த்துவிடும் ஒரு படி இங்கே இருக்கிறது: எதையும் மாற்றாமல் ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். ஆயிரம் நாட்களாக ஓடும் இயந்திரம் திரும்ப எழுமா என்பது யாருக்கும் தெரியாது. கழன்றுபோன வட்டு, வட்டுகளை இணைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் யாரோ எழுதிய தவறான வரி, பல வட்டுகளைச் சேர்த்து ஆளும் ரெய்டில் மாற்றிய வட்டில் நிறுவப்படாத, இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் கிரப் எனப் பழைய குறைகள் எத்தனையோ ஒளிந்திருக்கும். அவை அப்டேட்டுக்குப் பிறகு வெளிப்பட்டால், எது பழைய நோய், எது புதியது என்று பிரித்தறிய முடியாமல் நள்ளிரவில் தவிக்க நேரிடும். இப்போது வெளிப்பட்டால் ஒரே ஒரு காரணத்தைத் தேடினால் போதும்.

இனி ஏற்றம். டெபியனில் பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க இடமில்லை. 9-இலிருந்து 10, பிறகு 11, பிறகு 12 என ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். காலாவதியான பதிப்புகளின் பேக்கேஜ்கள் வழக்கமான களஞ்சியத்திலிருந்து ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டுவிடுவதால், பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்று குறிக்கும் சோர்சஸ் பட்டியலில் முகவரியை அங்கே திருப்பி, முதலில் 9-ஐயே அதன் கடைசித் திருத்தம் வரை கொண்டுவாருங்கள். களஞ்சியத்தின் கையொப்பச் சாவி காலாவதியாகிவிட்டது என்று, பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் கருவி புகார் சொன்னால், கையொப்பச் சோதனையையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரைகளைப் பின்பற்றாதீர்கள். டெபியனின் சாவித்தொகுப்பு பேக்கேஜைச் சரிபார்த்துப் புதிதாக நிறுவுவதே முறை.

எல்லாக் கட்டளைகளையும் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீனுக்குள் கொடுங்கள். நம் இணைய இணைப்பு அறுந்தாலும் உள்ளே வேலை தொடரும். முதலில் புதிய பேக்கேஜ் எதையும் சேர்க்காத சிறிய அப்கிரேடு, அதன் பிறகே முழு அப்கிரேடு என்ற வரிசையை மாற்றாதீர்கள். முழு அப்கிரேடு எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று காட்டும் பட்டியலை வரி வரியாகப் படித்த பின்னரே சம்மதம் கொடுங்கள். நாம் திருத்திவைத்த அமைப்புக் கோப்பை மாற்றவா என்று நடுவே கேட்கும்போது, பழையதையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதியது அருகிலேயே வேறு பெயரில் சேமிக்கப்படும், பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

10-இலிருந்து 11-க்குப் போகும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பஸ்டர் என்பது 10-இன் பெயர், புல்ஸ்ஐ என்பது 11-இன் பெயர்; பாதுகாப்புக் களஞ்சியத்தின் பெயர் ‘பஸ்டர்/அப்டேட்ஸ்’ என்ற அமைப்பிலிருந்து ‘புல்ஸ்ஐ-செக்யூரிட்டி’ என்று மாறிவிட்டது. பழைய வடிவிலேயே பெயரை மட்டும் மாற்றினால் பிழை வரும். அத்தோடு, அந்த அப்கிரேடு நடக்கும்போது வழக்கத்தைவிட நீண்ட நேரம் புதிய எஸ்எஸ்ஹெச் இணைப்பு எதுவும் கிடைக்காது. ஆகவே எஸ்எஸ்ஹெச் சர்வர் பேக்கேஜை மட்டும் முன்கூட்டியே தனியாக ஏற்றிவிடுங்கள். 12-இல் உள்ள எஸ்எஸ்ஹெச், எஸ்ஹெச்ஏ-1 என்ற பழைய முறைக் கையொப்பத்தை இயல்பாக ஏற்பதில்லை. மிகப் பழைய கணினியிலிருந்து இணைபவர்கள் வெளியே நிற்க நேரிடும் என்பதால், ஈடி25519 என்ற புதிய வகைச் சாவி ஒன்றை முன்பே சேர்த்துச் சோதித்துவிடுங்கள்.

பிணைய அட்டையின் பெயரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான் கவனித்துவந்த ஒரு தனி இயந்திரம், டெபியன் 8-இல் நிறுவப்பட்டு 9-க்கு ஏற்றப்பட்டது. 10-க்கு ஏற்றி ரீபூட் கொடுத்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இயந்திரம் உயிரோடிருக்கிறதா என்று கேட்கும் பிங்குக்குப் பதில் வரவே இல்லை. கன்சோலைத் திறந்தால் லாகின் வரி எந்தக் குறையும் இல்லாததுபோல் நின்றுகொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தபோது, பிணைய அமைப்பைச் சொல்லும் இன்டர்ஃபேசஸ் கோப்பு ‘ஈத்0’ என்ற பழைய அட்டைப் பெயருக்கு முகவரி கொடுக்கக் காத்திருந்தது. இயந்திரத்திலோ ‘ஈஎன்பி3எஸ்0’ என்ற பெயரில் ஓர் அட்டை, ‘டவுன்’ நிலையில் கிடந்தது. பழைய பெயரை நிலைநிறுத்திவந்த யுடெவ் (சாதனங்களுக்குப் பெயரிடும் கருவி) விதிக் கோப்பை டெபியன் 10 முறைப்படி ஆதரிப்பதில்லை. கோப்பில் அந்தப் பெயரைத் திருத்தி இணைப்பை எழுப்பியதும் பிங் வந்துவிட்டது. கன்சோல் கடவுச்சொல்லை முந்தின நாள் சோதித்திராவிட்டால், அந்த ஒரு பெயருக்காகத் தரவு மையத்துக்கே ஆள் அனுப்ப வேண்டியிருந்திருக்கும். உங்கள் இயந்திரத்தில் ‘ஈத்0’ இருந்தால், புதிய பெயர் என்னவாகும் என்று யுடெவ் கருவியிடமே முன்கூட்டிக் கேட்டு, 9-இல் இருக்கும்போதே மாற்றி ரீபூட் செய்து பாருங்கள்.

ஒவ்வொரு படிக்குப் பிறகும் ரீபூட் செய்து, எழுதிவைத்த பட்டியலோடு சேவைகளை ஒப்பிட்ட பின்பே அடுத்த படிக்குப் போகலாம். போஸ்ட்கிரெஸ் 9.6-இலிருந்து 11, 13, 15 என்று மாறிவரும். ஆனால் பழைய கிளஸ்டரில் (தரவுத்தளத் தொகுதியில்) உள்ள தரவு தானாக இடம்பெயராது. அதை மாற்றி முடிப்பதற்குள் தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் கட்டளையைக் கொடுத்துவிடாதீர்கள். பிஹெச்பி 7.0-இலிருந்து 8.2 வரை போவதால், பழைய நிரல்கள் பல இடங்களில் உடையும். அவற்றை வேறு கணினியில் முன்பே ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. 12-இல், வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருளான ஃபர்ம்வேர்களுக்கென்று தனிப் பிரிவு உருவாக்கப்பட்டிருக்கிறது. தனி இயந்திரத்தில் அதைச் சோர்சஸ் பட்டியலில் சேர்க்காவிட்டால் பிணைய அட்டைக்கான திருத்தங்கள் வராமல் போகும்.

எல்லாம் முடிந்த பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படும் வசதியை இயக்கி, அதன் அறிக்கை உயிரோடிருக்கும் ஒரு மின்னஞ்சலுக்கு வந்து சேர்கிறதா என்று ஒரு சோதனை மடலை அனுப்பிப் பாருங்கள். பழைய ஸ்னாப்ஷாட்டை உடனே அழிக்காமல், மாதக் கடைசியில் ஓடும் கிரான் வேலைகளும் ஒருமுறை ஓடி முடியும் வரை வைத்திருங்கள்.